ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறோம், நோய் ஏன் குறையவில்லை?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மேட்டுப் பகுதி, பள்ளப் பகுதி என இரண்டு உண்டு. இரண்டுக்கும் ஒரே மருத்துவமனை, ஒரே குடிநீர்த் தொட்டி. ஆனால் பள்ளப் பகுதிக் குழந்தைகளுக்குத்தான் வயிற்றுப்போக்கும் இருமலும் மாறி மாறி வருகின்றன. நாற்பது வயதுக்குள் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அங்கேதான் அதிகம். நலச் சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம். கை கழுவுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லியும் பார்த்துவிட்டோம். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இனி என்ன செய்யலாம்?
- குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டிய சொல் ‘ஒரே மருத்துவமனை’ என்பது. மருத்துவம் இரு பகுதிக்கும் பொதுவாக இருந்தும் நோய் மட்டும் ஒரு பக்கம் குவிகிறது என்றால், காரணம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. முகாம் என்பது நோய் வந்த பிறகு உதவும் ஏற்பாடு. அங்கே மாத்திரை வாங்கிப் போகிறவர் மறுநாள் காலை அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார், அதே அறையில்தான் ஐந்து பேரோடு படுக்கிறார், அதே வேலைக்குத்தான் போகிறார். ஆகவே, ‘யாரும் கேட்பதில்லை’ என்ற முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவர்களுக்குச் சொன்னதைச் செய்ய வழி இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

ஒரே ஊரில் ஒரு சாராருக்கு மட்டும் நோய் ஏன் வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, நகரின் தென்பகுதியில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குடிநீர் விநியோகித்து வந்தன. லாம்பெத் கம்பெனி 1852இல் தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரக் கழிவு கலக்காத மேல்பகுதிக்கு மாற்றியிருந்தது. சதர்க்–வாக்ஸால் கம்பெனி மாற்றவில்லை. ஸ்னோ இறந்தவர்களை எண்ணியதோடு நிற்கவில்லை. எந்தக் கம்பெனி எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் தருகிறது என்பதால் வகுத்தும் பார்த்தார். 10,000 வீடுகளுக்கு சதர்க்–வாக்ஸாலில் 315 சாவு, லாம்பெத்தில் 37. காலராக் கிருமி எது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கு வந்துவிட்டது. அவர் சொல்லிக் கைப்பிடி கழற்றப்பட்ட தெருக் குழாயின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்குப் பயன்படப்போவது இந்த வகுத்தல்தான்.

எனவே முதல் வேலை எண்ணுவது. முகாமுக்கு வந்தவர்களின் பதிவேட்டையோ மருத்துவமனைச் சீட்டுகளையோ வைத்து எண்ணாதீர்கள். கூலியை விட்டு வர முடியாதவர்களும், பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பவர்களும் அதில் வரமாட்டார்கள். அவர்கள்தான் உங்கள் பிரச்சினையின் மையம். வீடு வீடாகப் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், ‘கடந்த 14 நாட்களில் வயிற்றுப்போக்கு இருந்ததா’ என்று கேளுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் இளகி அல்லது தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்று எல்லோரும் ஒரே வரையறையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் எண்ணுவதை இன்னொருவர் விட்டுவிடுவார். கூடவே ஏழு விவரம் போதும்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வருகிறது, எதில் சேமிக்கிறார்கள், கழிப்பறை தனியா பொதுவா, அறைகள் எத்தனை, ஆட்கள் எத்தனை, அடுப்பு என்ன வகை. நாற்பது கேள்விப் படிவம் தயாரித்தால் பத்தாவது வீட்டோடு வேலை நின்றுவிடும்.

பிறகு விகிதம். ஓர் எடுத்துக்காட்டு: மேட்டில் 200 குழந்தைகளில் 12 பேருக்கும், பள்ளத்தில் 80 குழந்தைகளில் 12 பேருக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். ‘இரண்டு பக்கமும் 12தானே’ என்று தோன்றும். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் மேட்டில் 60, பள்ளத்தில் 150. இரண்டரை மடங்கு. எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால், அதாவது இரண்டு, மூன்று என்று வந்தால், அந்த வேறுபாட்டை நம்ப வேண்டாம். தற்செயலாகவே அப்படி வரலாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சுற்று எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் நோய் வந்த வீடுகளுக்குப் புள்ளி மட்டும் வையுங்கள், பெயர் எழுதாதீர்கள். சுவரில் ஒட்டிய பட்டியலில் தன் பெயரைப் பார்த்தவர் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார்.

புள்ளிகள் ஒரு குழாய்ப் பாதையை ஒட்டி விழுந்தால் தண்ணீரைப் பாருங்கள். ஒரே தொட்டி என்பதால் ஒரே தண்ணீர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொட்டியை விட்ட பிறகு அது என்ன பாடு படுகிறது என்பதே விஷயம். நாள் முழுவதும் வராமல் சில மணி நேரம் மட்டும் வரும் குழாயில், மற்ற நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்காது. அந்தக் குழாய் சாக்கடையைத் தொட்டோ அதனுள் மூழ்கியோ போனால், மூட்டுகளிலும் வெடிப்புகளிலும் அழுக்கு நீர் உள்ளே இறங்கும். யாராவது குழாயில் நேரடியாக மோட்டாரை வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம்; உறிஞ்சும் வேகத்தில் வெளிநீரும் சேர்ந்து இழுபடும். பள்ளப் பகுதியில் சாக்கடை தேங்கும் என்பதால் இது அங்கே நடக்க வாய்ப்பு அதிகம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குளோரின் அளக்கும் சிறு பெட்டி வாங்குங்கள். தண்ணீரில் மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி வகை நல்லது. மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடாலிடின் வகை வேண்டாம், அந்த ரசாயனம் உடலுக்கு நல்லதல்ல. தொட்டியின் வெளிவாய், முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என நான்கு இடங்களில் எடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வந்த முதல் நிமிடத்தில் ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, குளோரின் சேர்த்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். மக்கள் பிடிக்கும் இடத்தில் 0.2க்குக் குறையக் கூடாது.

எண்களைப் படிக்கும் விதம் இது. எல்லா இடத்திலும் பூஜ்யம் என்றால் தொட்டியில் குளோரின் போடவில்லை, அல்லது போட்ட பவுடர் செத்துவிட்டது. தொட்டியில் சரியாக இருந்து கடைசி வீட்டில் மட்டும் பூஜ்யம் என்றால் வழியில் ஏதோ கலந்து குளோரினைத் தின்கிறது. முதல் நிமிடத்தில் பூஜ்யமாக இருந்து பத்து நிமிடத்தில் ஏறினால், தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் அழுக்கு இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். குழாயில் சரியாக இருந்து குடத்தில் இல்லை என்றால் குற்றவாளி சேமிப்பு: அகன்ற வாய், மூடாத பாத்திரம், உள்ளே விடும் கை. குறுகிய வாயும் அடியில் சிறு குழாயும் உள்ள பாத்திரம் இதற்குத் தீர்வு.

பிளீச்சிங் பவுடர் கணக்கில் அடிக்கடி தவறு நடக்கிறது. புதிய பவுடரில் ஏறக்குறைய 33 விழுக்காடு குளோரின் இருக்கும். ஈரமும் வெளிச்சமும் பட்ட மூட்டையில் அது வாரக் கணக்கில் குறைந்துகொண்டே போகும். 10,000 லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டுமானால் மொத்தம் 20 கிராம் குளோரின் தேவை. புதிய பவுடரில் அது சுமார் 60 கிராம், 20 விழுக்காட்டுக்கு இறங்கிய பவுடரில் 100 கிராம். ‘எப்போதும் ஒரு கரண்டி’ என்று போடுகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்தே விநியோகம். கலங்கிய தண்ணீரில் குளோரின் அழுக்கோடேயே செலவாகிவிடும். முதலில் தெளிய வைக்க வேண்டும்.

குழாயைச் சரிசெய்ய மாதங்கள் ஆகலாம். அதுவரை ஒரு குழந்தையும் நீர் வற்றி இறக்கக் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் ஓஆர்எஸ் பொட்டலங்களையும் ஜிங்க் மாத்திரைகளையும் வைத்திருக்க ஒருவரை நியமியுங்கள். பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண் மதிப்பில் போட வேண்டாம். ஜிங்க் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பத்து முதல் பதினான்கு நாட்கள். வயிற்றுப்போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனை.

இனி கை கழுவும் பேச்சுக்கு வருவோம். சோப்புப் போட்டுக் கை கழுவுவதால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. அறிவுரை சரியானதுதான். ஆனால் கழுவ நீர் வேண்டுமே. குடிப்பதோடு குளிக்க, துவைக்க, சுத்தம் பேண ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை. போய்வர, வரிசையில் நிற்க எனத் தண்ணீருக்காக 30 நிமிடத்துக்கு மேல் ஆகும் வீடுகளில் பயன்படுத்தும் அளவு சட்டென்று சரிந்துவிடும். அப்படிச் சரியும்போது முதலில் வெட்டப்படுவது குடிநீர் அல்ல, கை கழுவும் நீர்தான். பள்ளப் பகுதியில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்று எண்ணி ஆட்களால் வகுத்துப் பாருங்கள். 20 லிட்டர் என்று வந்தால் உங்கள் சுவரொட்டி ஏன் வேலை செய்யவில்லை என்பது புரியும். தண்ணீரைக் காய்ச்சச் சொல்வதும் அப்படித்தான். எரிபொருளும் நேரமும் அவர்களுடையவை. காய்ச்சி ஆறிய நீரில் குளோரினைப் போல் எஞ்சி நின்று காக்க எதுவும் இல்லாததால், ஒரு கை உள்ளே போனாலே பழைய நிலைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. அறிவுரை மட்டும் கொடுத்தால் அதை முதலில் பின்பற்றுகிறவர்கள் வசதி இருப்பவர்கள். மேட்டில் நோய் மேலும் குறையும், பள்ளத்தில் அப்படியே நிற்கும், இடைவெளி கூடும். குழாயைச் சரிசெய்தால் படித்தவர், படிக்காதவர், உங்கள் பேச்சைக் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் பயன் போய்ச் சேரும்.

அதற்காக வீட்டுக்கு ஒரு வடிகட்டியும் ஒரு கை கழுவும் தொட்டியும் கொடுத்தால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் பல ஆயிரம் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2018, 2019இல் வந்தன. குளோரின், மேம்படுத்திய கழிப்பறை, கை கழுவும் வசதி ஆகியவற்றை வீட்டளவில் கொடுத்தார்கள். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, மற்ற இரண்டில் குறையவில்லை. குழந்தைகளின் வளர்ச்சியை மூன்றிலும் இவற்றால் கூட்ட முடியவில்லை. ஒரு வீடு சுத்தமாக இருந்தும் சுற்றிலும் மலக்கழிவு கலந்த மண்ணும் சாக்கடையும் இருந்தால் தவழும் குழந்தை தப்ப முடியாது என்பதே இதற்குப் பலர் சொல்லும் விளக்கம். எனவே உங்கள் இலக்கு தெருவாக இருக்கட்டும், வீடாக அல்ல. தேங்கும் சாக்கடைக்கு ஓட்டம், எல்லா வீட்டுக்கும் கழிப்பறை, கைக்குழந்தையின் மலமும் கழிப்பறைக்குள் போவது. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். குழந்தையின் மலத்தில் கிருமி இல்லை என்று ஒரு நம்பிக்கை.

இருமல் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று பேருக்கு மேல் ஓர் அறையில் இருந்தால் அதை நெரிசல் என்று ஐ.நா. குடியிருப்பு அமைப்பு வகைப்படுத்துகிறது. உங்கள் கணக்கெடுப்பில் அறை, ஆள் எண்ணிக்கை இருப்பது இதற்காகத்தான். விறகு, கரி அடுப்பு உள்ள வீடுகளைத் தனியே எண்ணி, புகைபோக்கி கூரைக்கு மேலே நீள்கிறதா, எதிரெதிராக இரண்டு திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சன்னல் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வந்து வெளியேற வழியில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் எவருக்கும் காசநோய்ச் சோதனை; இதில் தாமதம் வேண்டாம். காசநோயும் வாழ்நிலையோடு கட்டுண்ட நோய்தான். இங்கிலாந்தில் அதன் சாவு விகிதம் மருந்து கண்டுபிடிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இறங்கிவந்தது. காரணம் உணவா, வீட்டு வசதியா, நோயாளிகளைத் தனியே வைத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; அந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வரும் முன்னரே பெரும்பகுதி இறங்கிவிட்டது என்பதில் விவாதம் இல்லை.

ரத்த அழுத்தம் வேறு வகைச் சிக்கல், இங்கே ஒரு குழாயைக் கைகாட்ட முடியாது. 1967இல் லண்டன் அரசு அலுவலகங்களில் சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. யாரும் பரம ஏழை இல்லை, எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒரே நாட்டு மருத்துவ வசதி. ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இதயநோய் இறப்பு உயர் அதிகாரிகளைப் போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பின்பும் பெரும்பகுதி வேறுபாடு அப்படியே நின்றது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாதவர்களுக்கு இதயநோய் கூடுதல் என்று தெரிந்தது. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் இந்த ஆய்வுகளில்தான் பெயர் பெற்றார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் சமூகக் காரணிகள் ஆணையத்துக்குத் தலைமை ஏற்று 2008இல் அறிக்கை தந்தார்.

எனவே பள்ளப் பகுதியில் இரவு ஷிப்ட் எத்தனை பேருக்கு, நாளைக்கு வேலை உண்டா என்பது முந்தைய இரவுதான் தெரிகிறவர்கள் எத்தனை பேர், கடன் தவணை எத்தனை வீட்டில் என்று கேட்டுப் பாருங்கள். ‘தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்று பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவரிடம் சொல்வதில் பொருளில்லை. சங்கத்தால் வேலை நேரத்தை மாற்ற முடியாது, உண்மைதான். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொது இடம், இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்க ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு, அரசு உதவிகளுக்கான படிவம் நிரப்ப வாரம் ஒரு மாலை ஆகியவை உங்கள் கைக்குள் உள்ளவை. உப்பு இன்னொரு வழி. நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது இலக்கு. பொதுச் சமையல் நடக்கும் இடங்களில் அளவைக் குறைத்தால் எவரும் எதையும் நினைவில் வைக்காமலேயே எல்லோரும் குறைத்துச் சாப்பிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் மேசையில் உப்புக் குப்பி வந்து நிற்கும்.

முகாமை நிறுத்தச் சொல்லவில்லை, வேறு மாதிரி நடத்துங்கள். வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. காலை பத்து மணி முகாம் இதற்கு நல்ல உதாரணம்; வருகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களும் மேட்டுப் பகுதியினரும். மாலை ஏழு மணிக்குப் பள்ளப் பகுதியிலேயே நடத்துங்கள். ரத்த அழுத்தம் ஒரு முறை கூடுதலாக இருந்ததற்காக நோயாளி என்று எழுதிவிடக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, இரண்டு முறை அளந்து, வேறொரு நாளும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதன்பின் மாதாமாதம் மாத்திரை எங்கே கிடைக்கும், வராதவரைத் தேடிப் போகிறவர் யார் என்பது முடிவாகாத முகாம் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே உதவும்.

குடிநீர் வாரியத்துக்கோ உள்ளாட்சிக்கோ மனு கொடுக்கும்போது ‘எங்கள் பகுதியில் சுகாதாரம் இல்லை’ என்று எழுதாதீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும்: வரைபடம், இரு பகுதி விகிதங்கள், எந்தத் தேதியில் எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு குளோரின் எவ்வளவு, சாக்கடைக்குள் ஓடும் குழாயின் படம், ஒரே ஒரு கோரிக்கை. பத்துக் கோரிக்கை வைத்தால் எளிதான ஒன்றைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

வேலை முடிந்த பின் மறுபடி எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. நோய் உச்சத்தில் இருந்தபோது எண்ணிவிட்டு, இரண்டு மாதம் கழித்து எண்ணினால் எதுவும் செய்யாமலேயே குறைந்திருக்கும். உச்சத்திலிருந்து இறங்குவது இயல்பு. ஆகவே அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே கேள்விகளோடு, இரண்டு பகுதிகளிலும் எண்ணுங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது அந்த ஆண்டின் மழை செய்த வேலையாக இருக்கலாம். பள்ளத்தில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் குழாய் வேலை பலித்திருக்கிறது. அதே தாளை எடுத்துக்கொண்டு சாக்கடைக்கு அடுத்த மனு எழுதலாம்.